நுண்கணிதம் வரவில்லையா? இயற்கணித நோட்டைத் திறந்து பாருங்கள்: பிளஸ் ஒன், பிளஸ் டூ கணக்குப் பயிற்சிக்கு ஒரு முழு வழிகாட்டி

"சார், டிஃபரன்சியேஷன் எனக்கு வரவே மாட்டேங்குது."

வடசென்னை புது வண்ணாரப்பேட்டையில் எங்கள் மாடி ட்யூஷனில் ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒருவர் இதைச் சொல்வார்கள். போன வருஷம் சொன்னது ஒரு பிளஸ் ஒன் பெண். நோட்டை வாங்கிப் பார்த்தேன். (க² + 1)/(க − 2) என்பதை வகையிட வேண்டும், அதாவது டிஃபரன்சியேட் செய்ய வேண்டும். புத்தகத்தில் எக்ஸ் வரும் இடத்தில் நான் இங்கே க என்று போடுகிறேன், குழப்பிக்கொள்ள வேண்டாம். வகுத்தல் விதியைச் சரியாக எழுதியிருந்தாள். மேலே 2க(க − 2) − (க² + 1) என்று வந்துவிட்டது. டிஃபரன்சியேஷன் அந்த வரியோடு முடிந்துபோனது. அடுத்த வரியில் 2க² − 4க − க² + 1 என்று எழுதியிருந்தாள். அடைப்பை எடுக்கும்போது குறி மாறவில்லை. க² − 4க − 1 என்று வரவேண்டியது க² − 4க + 1 ஆகிவிட்டது.

அவளுக்கு டிஃபரன்சியேஷன் வந்துதான் இருந்தது. வராமல் போனது எட்டாம் வகுப்பு அடைப்புக்குறி. இதைச் சொன்னபோது சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். முகம் வாடிவிட்டது.

நான் பார்த்த நோட்டுகளில் நுண்கணிதத்தில், அதாவது கால்குலஸில், மார்க் போன இடங்களைத் தோண்டினால் பெரும்பாலும் அடியில் இயற்கணிதம்தான் கிடக்கும். அதனால் இந்த வழிகாட்டி முழுக்க இயற்கணிதம் வந்துகொண்டே இருக்கும். பிளஸ் ஒன், பிளஸ் டூ மாநிலப் பாடத்திட்டப் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதுகிறேன். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பத்தாம் வகுப்பு வயதிலேயே கூடுதல் கணிதம் என்று தனிப்பாடமாகப் படிக்கிறார்களே, அதிலும் இயற்கணிதம், முக்கோணவியல், நுண்கணிதம் என்ற இதே மூன்றுக்குத்தான் பெரிய இடம். அவர்களுக்கும் இது பொருந்தும்.

முதல் படி: நாற்பது நிமிடச் சோதனை

புதுப் பாடத்தைத் தொடும் முன் ஒரு நாள் மாலை ஒதுக்குங்கள். ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் புத்தகங்களிலிருந்து பன்னிரண்டு கணக்கு எடுத்து, கைடு இல்லாமல், போன் இல்லாமல் போடுங்கள். எந்த மாதிரிக் கணக்கு என்றால்:

6க² − க − 2 என்பதைக் காரணிப்படுத்து. விடை (3க − 2)(2க + 1).
1/(க − 1) − 1/(க + 1) என்பதைச் சுருக்கு. விடை 2/(க² − 1).
1/(√3 − 1) என்பதில் பகுதியிலிருந்து மூலக்குறியை நீக்கு. விடை (√3 + 1)/2.
8இன் அடுக்கு 2/3 எவ்வளவு? 4.
க²இன் வர்க்கமூலம் என்ன? க என்று எழுதினால் அரை மார்க்தான் போடுவேன். க குறை எண்ணாகவும் இருக்கலாம், ஆகவே மட்டு மதிப்பு |க|.

பன்னிரண்டில் ஒன்பது சரியென்றால் நேரே மூன்றாம் படிக்குப் போகலாம். ஐந்துக்குக் கீழே என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் இரண்டு வாரம் இயற்கணிதத்தைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள். "ஸ்கூல்ல லிமிட் ஆரம்பிச்சுட்டாங்களே" என்று பதறுவார்கள். ஸ்கூலில் நடப்பது நடக்கட்டும், வீட்டில் இது நடக்கட்டும்.

இரண்டாம் படி: தப்பு நோட்டு

சென்னைத் துறைமுகத்தில் 1912இல் மாதம் முப்பது ரூபாய்க்குக் கணக்குப்பிரிவு குமாஸ்தாவாக வேலைக்குச் சேர்ந்தார் ராமானுஜன். குடியிருந்தது ஜார்ஜ் டவுனில், நம் பக்கம்தான். தாள் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டார் என்பார்கள். ராயபுரத்தில் அவர் பேரில் ஒரு சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. கணித ஆசிரியர் பி.கே. சீனிவாசன் 1993இல் தொடங்கியது. ஒரு முறை போய்ப் பாருங்கள்.

போய்ப் பாருங்கள், ஆனால் அந்தச் சிலேட்டுப் பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் அழித்தார், அவருக்குச் சரிப்பட்டது. நாம் அழித்தால் எங்கே தவறினோம் என்பதும் சேர்ந்து அழிந்துபோகும். ரப்பரை வீட்டில் வையுங்கள். தப்பான வரியின் மேல் ஒரே ஒரு கோடு போட்டுவிட்டுக் கீழே சரியாக எழுதுங்கள்.

தனியாக ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் நான் எழுதிய தப்பான வரி, வலப்பக்கம் சரியான வரி, கீழே ஏன் தப்பியது என்று நாலு வார்த்தை. "கவனக்குறைவு" என்று எழுதக்கூடாது, அது காரணமே இல்லை. "அடைப்புக்கு முன் கழித்தல், இரண்டாவது உறுப்பின் குறியை மாற்றவில்லை" என்று எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பார்த்தால் உங்களிடம் மொத்தம் ஆறேழு வகைத் தப்புதான் திரும்பத் திரும்ப வரும். ஐம்பது இருக்கும் என்று நினைத்திருப்பீர்கள்.

மூன்றாம் படி: இயற்கணிதம், ஆனால் நுண்கணிதத்துக்காக

பிளஸ் ஒன் முதல் தொகுதியில் அடிப்படை இயற்கணிதம் என்று ஒரு பாடம் இருக்கிறது. பலரும் அதை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். நான் அங்கேதான் அதிக நாள் நிற்கச் சொல்வேன். அதிலிருந்து நான்கு விஷயங்கள்.

ஒன்று, வர்க்கப் பூர்த்தி. 2க² − 12க + 7 என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு உறுப்பிலிருந்து 2ஐ வெளியே எடுத்தால் 2(க² − 6க) + 7. ஆறில் பாதி மூன்று, அதன் வர்க்கம் ஒன்பது. உள்ளே 9 சேர்த்தால் வெளியே உண்மையில் 18 கூடுகிறது, ஆகவே 18 கழிக்க வேண்டும். 2(க − 3)² − 11. உள்ளே சேர்த்த 9ஐ மட்டும் கழித்து −2 என்று முடிப்பவர்கள்தான் அதிகம்.

எதற்கு இவ்வளவு நேரம் இதில் என்று கேட்பீர்கள். இந்த ஒரு வரியைப் பார்த்தே மிகக் குறைந்த மதிப்பு −11, அது க = 3இல் வருகிறது என்று சொல்லிவிடலாம். வகையிட்டுப் பார்த்தாலும் 4க − 12 = 0, அதே 3. பிறகு தொகையிடலில், அதாவது இன்டக்ரேஷனில், 1/(க² − 6க + 13) என்று ஒன்று வரும், பார்த்தாலே பயமாக இருக்கும். அதே வித்தைதான்: பகுதி (க − 3)² + 4 ஆகிறது, விடை ½ × டேன் நேர்மாறு (க − 3)/2, அதோடு மாறிலி. ஒரே கருவி மூன்று பாடத்தில் வேலை செய்கிறது. நாளுக்கு ஐந்து வீதம் ஒரு வாரம் போடுங்கள்.

இரண்டு, அசமன்பாடு. (2க + 1)/(க − 3) > 1. உடனே பகுதியை மறுபக்கம் பெருக்கி, 2க + 1 > க − 3, ஆகவே க > −4 என்று முடித்துவிடுவார்கள். அந்த விடைப்படி க = 0 பொருந்த வேண்டும். போட்டுப் பாருங்கள்: 1/(−3). இது ஒன்றைவிடப் பெரிதா? க − 3 கூட்டல் எண்ணா கழித்தல் எண்ணா என்று தெரியாமல் அதால் பெருக்கக்கூடாது. 1ஐ இடப்பக்கம் கொண்டுவாருங்கள்: (க + 4)/(க − 3) > 0. இரண்டும் ஒரே குறியாக இருக்க வேண்டும். க < −4 அல்லது க > 3. எண்கோடு வரைந்து −5, 0, 4 மூன்றையும் போட்டுச் சோதித்துவிடுங்கள்.

மூன்று, மடக்கை. 2ஐ அடிமானமாக வைத்து, மடக்கை க + மடக்கை (க − 2) = 3. இரண்டையும் சேர்த்தால் க(க − 2) = 8. காரணிப்படுத்தினால் 4, −2. இங்கே −2ஐ விட வேண்டும், குறை எண்ணுக்கு மடக்கை கிடையாது. இரண்டு விடையையும் எழுதி வைத்தால் மார்க் போகும்.

நான்கு, பகுதி பின்னம். (5க + 1)/((க − 1)(க + 2)) = 2/(க − 1) + 3/(க + 2). முறை எல்லாருக்கும் தெரியும். நான் சொல்வது வேறு: முடித்தவுடன் க = 0 போடுங்கள். இடப்பக்கம் 1/(−2). வலப்பக்கம் −2 + 3/2, அதுவும் −½. பத்து நொடி வேலை. தொகையிடல் பாடத்தில் இது வரும்போது இந்தப் பத்து நொடி ஐந்து மார்க்கைக் காப்பாற்றும்.

ஈருறுப்புத் தேற்றம், தொடர்கள், கணிதத் தொகுத்தறிதல் எல்லாம் புத்தகப் பயிற்சிக் கணக்குகளைப் போட்டாலே போதும். தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை.

நான்காம் படி: முக்கோணவியலில் மனப்பாடத்தைக் குறைப்பது

ஜெராக்ஸ் கடையில் இரண்டு ரூபாய்க்கு ஒரு சூத்திரத் தாள் கிடைக்கும், அறுபது எழுபது சூத்திரம். அதைச் சுவரில் ஒட்டிவிட்டுப் படித்ததாக நினைத்துக்கொள்வார்கள். எனக்கு அந்தத் தாள் பிடிக்காது.

சைன்(அ + ஆ), காஸ்(அ + ஆ) இரண்டை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். ஆவுக்குப் பதில் −ஆ போட்டால் கழித்தல் சூத்திரம். ஆவுக்குப் பதில் அ போட்டால் இரட்டைக் கோணம். சைனைக் காஸால் வகுத்தால் டேன். கூட்டல் சூத்திரத்தையும் கழித்தல் சூத்திரத்தையும் கூட்டினால், கழித்தால் பெருக்கல் சூத்திரங்கள். வெள்ளைத்தாளில் இந்த மரத்தைத் தினம் ஒரு முறை வரையுங்கள். முதல் நாள் இருபது நிமிடம் ஆகும். பத்தாவது நாள் நாலு நிமிடம். பரீட்சையில் ஒரு சூத்திரம் மறந்தால் ஓரத்தில் வரைந்து எடுத்துக்கொள்ளலாம். குறிகளுக்கு நம் ஊரில் எல்லாரும் சொல்லும் "ஆல் சில்வர் டீ கப்ஸ்" போதும்.

அடுத்து வரைபடம். சைன், காஸ் வளைவரையை வெறும் புத்தகப் படமாகப் பார்த்தால் ஒட்டாது. மீன்பிடித் துறைமுகம் இருக்கும் காசிமேட்டுப் பையன் ஒருவனிடம் காலவட்டத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். கடல் ஏறி, வற்றி, மறுபடி ஏறுவதற்கு ஏறக்குறைய பன்னிரண்டரை மணி நேரம் ஆகும், அதுதான் காலவட்டம் என்றேன். "அதான் சார் நாளைக்கு இதே நேரத்துக்கு ஏறாது, முக்கால் மணி, ஒரு மணி தள்ளித்தான் ஏறும்" என்றான். அவன் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். பன்னிரண்டு மணிக்கும் பன்னிரண்டரைக்கும் உள்ள அந்த வித்தியாசத்தை வரைபடத்தில் அவனே வரைந்து காட்டினான். பிறகு சைன் 2கவின் காலவட்டம் 180 டிகிரி என்பது அவனுக்கு ஒரு சிக்கலாகவே இல்லை.

சமன்பாடுகளில் நான் பார்க்கும் பெரிய தப்பு ஒன்று. சைன் 2க = காஸ் க, 0 முதல் 360 டிகிரிக்குள் தீர்க்க வேண்டும். 2 சைன் க காஸ் க = காஸ் க என்று எழுதிவிட்டு இரண்டு பக்கமும் காஸ் கவை அடித்துவிடுவார்கள். சைன் க = ½, விடை 30, 150. பாதி விடை தொலைந்தது! காஸ் க பூஜ்ஜியமாக இருந்தால் அதால் வகுக்க முடியாதே. எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்து காஸ் க(2 சைன் க − 1) = 0 என்று எழுதினால் 90, 270ம் சேரும். மொத்தம் நான்கு. இதுவும் முக்கோணவியல் தப்பு இல்லை பாருங்கள், இயற்கணிதத் தப்பு.

இன்னொன்று, 3 சைன் க + 4 காஸ் கவின் பெரும மதிப்பு. 3 + 4 = 7 என்பார்கள். சைனும் காஸும் ஒரே கோணத்தில் 1 ஆகாது. 3, 4, 5 செங்கோண முக்கோணத்தை நினைத்துக்கொண்டு 5 சைன்(க + 53°8′) என்று எழுதினால் பெருமம் 5.

முற்றொருமை நிரூபணத்தில் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்து மறுபக்கத்துக்கு வாருங்கள். இரண்டு பக்கத்தையும் சமம் என்று எழுதிக்கொண்டே குறுக்குப் பெருக்கல் செய்வது நிரூபணம் ஆகாது.

ஐந்தாம் படி: நுண்கணிதம்

இங்கே வரும்போது முன்பு செய்த வேலைக்குக் கூலி கிடைக்கும்.

எல்லை. (√(க + 4) − 2)/க, க பூஜ்ஜியத்தை நெருங்கும்போது. முதலில் விதியைத் தேடாதீர்கள். போனில் க = 0.1 போட்டுப் பாருங்கள், 0.248 வரும். 0.01 போடுங்கள், இன்னும் 0.25ஐ நெருங்கும். விடை கால் என்று கண்ணுக்குத் தெரிந்த பிறகு √(க + 4) + 2 ஆல் மேலும் கீழும் பெருக்கிக் கையால் வரவழையுங்கள். பரீட்சையில் கால்குலேட்டர் கிடையாது, வீட்டில் சோதிக்க மட்டும்தான் இது.

ரேடியன். சைன் கவை வகையிட்டால் காஸ் க என்பது ரேடியனில் மட்டும்தான் உண்மை. டிகிரியில் அளந்தால் முன்னால் பை/180 ஒட்டிக்கொள்ளும். ஏன் என்று புரிய, 5 டிகிரியை எடுங்கள். சைன் 5° = 0.0872. ஐந்து டிகிரி ரேடியனில் 0.0873. கோணம் சிறியதாக இருந்தால் சைனும் கோணமும் ஏறக்குறைய ஒன்றே. சைன் க/கவின் எல்லை 1 என்பது இதுதான். போனில் சோதிக்கும்போது ரேடியன் முறையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சங்கிலி விதி. வெங்காயம் உரிப்பதைப்போல வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும். (3க² + 1)⁵ என்றால் வெளித்தோல் 5(3க² + 1)⁴, உள்ளே 6க, பெருக்கினால் 30க(3க² + 1)⁴. உள்ளே இருக்கும் 6கவை மறப்பதுதான் வழக்கம். சைன்² கவும் சைன்(க²)வும் வேறு வேறு: முதலாவது 2 சைன் க காஸ் க, இரண்டாவது 2க காஸ்(க²). வகையிடும் முன் "வெளியே என்ன, உள்ளே என்ன" என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். மாடியில் பதினைந்து பேர் சேர்ந்து சொன்னால் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார், பரவாயில்லை.

பெருமம், சிறுமம். இது பிளஸ் டூவில் வரும். தங்கசாலைப் பக்கம் இனிப்புக் கடைகளில் அட்டைப்பெட்டி பார்த்திருப்பீர்கள். 24 செ.மீ. சதுர அட்டையின் நான்கு மூலையிலும் க செ.மீ. சதுரம் வெட்டி மடித்தால் மூடியில்லாப் பெட்டி. கொள்ளளவு க(24 − 2க)². வகையிட்டால் (24 − 2க)(24 − 6க). பூஜ்ஜியமாவது க = 12, 4 ஆகியவற்றில். 12 செ.மீ. வெட்டினால் பெட்டியே இல்லை. ஆகவே 4. கொள்ளளவு 1024 கன செ.மீ. இதோடு நிறுத்தாமல் அண்டை வீட்டையும் எட்டிப் பாருங்கள்: 3 வெட்டினால் 972, 5 வெட்டினால் 980. சரிதான். இங்கே பலரும் (24 − 2க)²ஐ விரித்துவிட்டு முப்படிக் கோவையோடு மல்லுக்கட்டுவார்கள். பெருக்கல் விதி போட்டுப் பொதுக்காரணியை வெளியே எடுத்தால் இரண்டு வரியில் முடியும்.

தொகையிடல். ஒரே கட்டளை: விடையை வகையிட்டுப் பார்க்காமல் அடுத்த கணக்குக்குப் போகாதே. க காஸ் கவைப் பகுதித் தொகையிட்டால் க சைன் க + காஸ் க. வகையிடுங்கள்: சைன் க + க காஸ் க − சைன் க. மிஞ்சுவது க காஸ் க. சரி, போகலாம். இந்த அளவுக்குத் தானே திருத்திக்கொள்ளும் பாடம் கணக்கில் வேறு கிடையாது, அதனால்தான் கைடு தேவையில்லை என்கிறேன்.

பரப்பு காணும்போது படம் வரையாமல் தொகையிட்டால் மாட்டிக்கொள்வீர்கள். க² − 2க என்ற வளைவரைக்கும் கிடை அச்சுக்கும் இடையே 0 முதல் 3 வரை பரப்பு கேட்டால், நேரே தொகையிட்டால் 9 − 9 = 0. பரப்பே இல்லையா? 0 முதல் 2 வரை வளைவரை அச்சுக்குக் கீழே இருக்கிறது, அது −4/3 தரும். 2 முதல் 3 வரை மேலே, +4/3. பரப்பு என்றால் இரண்டையும் கூட்ட வேண்டும், 8/3.

ஆறாம் படி: கலந்து போடுவது

பாடவாரியாகப் போடும்போது எந்த விதி என்று தலைப்பே சொல்லிவிடுகிறது. பரீட்சையில் தலைப்பு இருக்காது. ஆகவே வாரத்தில் ஒரு நாள், ஞாயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள், முந்தைய பாடங்களிலிருந்து பத்துக் கணக்கைச் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுங்கள். போடுவதற்கு முன் ஒவ்வொன்றுக்கும் "இதற்கு என்ன வழி" என்று ஒரே வரி எழுதுங்கள். வழி தெரியாமல் மூன்று நிமிடம் போனால் விட்டுவிட்டு அடுத்தது. பத்தில் ஐந்துதான் வரும் முதலில். பாடவாரியாகப் போட்டபோது பத்தும் வந்ததே என்று சோர்ந்துபோகாதீர்கள்.

ஒரு மார்க் கேள்விகளுக்கு உட்காரும் நேரம் வேண்டாம். கொருக்குப்பேட்டை கேட்டில் சரக்கு ரயிலுக்காக நின்ற நேரத்தைக் கூட்டினாலே புத்தகத்தின் ஒரு மார்க் எல்லாம் முடித்துவிடலாம். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிக்கு நடுவே பஸ் நிற்கும்போதும் அப்படித்தான். வீட்டில் இடமில்லாத பிள்ளைகளுக்கு வட்டார நூலகம் இருக்கிறது. கொளத்தூரில் 2024இல் திறந்த முதல்வர் படைப்பகத்திலும் படிக்க இடம் உண்டு.

கடைசிப் படி: முழு வினாத்தாள்

அரையாண்டுக்கு ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். எங்கள் பக்கம் மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் நின்று ஸ்கூல் லீவு விடும் நாட்கள் இதற்குத் தோது. மூன்று மணி நேரம், 90 மார்க், ஒரு மார்க்குக்கு இரண்டு நிமிடம். இருபது ஒரு மார்க் கேள்விக்கு 25 நிமிடம். இரண்டு மார்க்கில் பத்துக்கு ஏழு, 30 நிமிடம். மூன்று மார்க்கில் பத்துக்கு ஏழு, 40 நிமிடம். ஐந்து மார்க் ஏழு, ஒவ்வொன்றிலும் இரண்டில் ஒன்று, 70 நிமிடம். மீதி 15 நிமிடம் குறிகளைச் சரிபார்க்க, வேறெதற்கும் இல்லை.

30ஆம் கேள்வியும் 40ஆம் கேள்வியும் கட்டாயம். சாய்ஸில் விட முடியாது, ஆகவே முதலில் அவற்றைப் படித்துவிடுங்கள். ஒரு மார்க்கில் குறியீட்டோடு விடையையும் சேர்த்து எழுத வேண்டும். தொகையிடலில் மாறிலியை விட்டிருக்கிறீர்களா என்று கடைசியில் ஒரு பார்வை.

பரீட்சைக்கு முந்தைய இரவு புதுக் கணக்கு எதுவும் வேண்டாம். தப்பு நோட்டின் இடப்பக்கத்தை மட்டும் கையால் மூடிக்கொண்டு வலப்பக்கத்தைப் படியுங்கள். அந்தப் பெண்ணின் நோட்டில் முதல் பக்கத்தில் இன்னும் அந்த அடைப்புக்குறிதான் இருக்கிறது. பக்கத்தில் சிவப்பு மையில் தேதி வேறு போட்டு வைத்திருக்கிறாள்.